சமயப்பொறை: சகிப்புத்தன்மைக்குத் தமிழில் என்ன சொல்?

'நாற்றம் சகிக்கவில்லை', 'அவன் பாட்டைச் சகிக்க முடியவில்லை.' பேச்சில் இந்தச் சொல் வரும் இடங்கள் இப்படித்தான். பிடிக்காததை மூக்கைப் பொத்திக்கொண்டு தாங்குவது என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. அடுத்தவரின் வழிபாட்டைக் குறித்துப் பேசும்போது 'மதச் சகிப்புத்தன்மை' என்று எழுதினால் அந்த முகச்சுளிப்பும் கூடவே வந்துவிடுகிறது.

சகிப்பு, 'ஸஹ்' என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது, பொருள், தாங்குதல். இதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான டாலரன்ஸ் என்பதன் இலத்தீன் வேருக்கும் அதே பொருள்தான். தமிழில் அதற்கு நேரான வேர் 'பொறு'. அதிலிருந்து பிறந்தது பொறை. பொறைக்குச் சுமை என்றும் குன்று என்றும் பொருள் உண்டு. சேரருக்குப் பொறையன் என்று பெயர். குறளின் 16ஆம் அதிகாரம் பொறையுடைமை. தன்னை வெட்டுகிறவனையும் தாங்கும் நிலத்தை அதன் முதற்குறளே உவமை காட்டுகிறது. நிலம் தாங்குகிறது; ஆனால் தன் இடம் விட்டு நகர்வதில்லை. சமயப்பொறை என்ற சொல்லை நாம் பரிந்துரைப்பது இதனால்தான்.

பொறுத்தால் தன் நம்பிக்கை தளர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு மணிமேகலையில் பழைய விடை இருக்கிறது. புகார் நகரில் இந்திர விழாவுக்கு முரசறைபவன் சொல்கிறான்: 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்.' தாம் பற்றிய சமயத்துக்காக வாதாடுங்கள் என்கிறான். விட்டுக்கொடுங்கள் என்று சொல்லவில்லை. அடுத்த அடிகள்: 'பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்.' பகைவரே ஆனாலும் சினமும் சண்டையும் இல்லாமல் விலகுங்கள். உறுதிக்கும் பொறைக்கும் எல்லை வகுக்க இந்த நான்கு அடிகள் போதும். 1995 நவம்பர் 16இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிவிப்பும் இதையே சொல்கிறது: பொறை என்பது தன் நம்பிக்கையைக் கைவிடுவதோ தளர்த்துவதோ அன்று.

எழுதும்போது இடறும் இடங்கள் சில. 'சமயப் பொறுமை' பொருந்தாது. இன்றைய வழக்கில் பொறுமை என்றால் அவசரப்படாமல் காத்திருப்பது. 'சமரசம்' வள்ளலார் வாக்கில் உயர்ந்த சொல், ஆனால் இன்று பேரம் பேசி ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பதாகிவிட்டது. மதச்சார்பின்மை அரசு எப்படி நடக்க வேண்டும் என்பதைக் குறிப்பது. தனிமனிதர் தம் சமயத்தைச் சார்ந்தே சமயப்பொறை உடையவராக இருக்கலாம். நல்லிணக்கம், இரு தரப்பாரும் கூடி வாழ்வது. அதற்கு இருவர் வேண்டும். பொறையை ஒருவர் தனியாகவும் கடைப்பிடிக்கலாம்.

மகரம் கெட்டு வல்லினம் மிகும் என்பதால் சமயப்பொறை என்று சேர்த்தே எழுதுக. எதிர்ச்சொல்லுக்குச் 'சமயப்பொறையின்மை' என்று நீட்ட வேண்டியதில்லை. 'சமயக் காழ்ப்பு' இருக்கிறது. காழ் என்பது மரத்தின் வைரம். செற்றம் உள்ளேயே இறுகி வைரம் பாய்ந்த நிலை அது.