சூட்டோடு அளந்த கட்டை

பினாங்கு பாயான் லெப்பாஸில், கணினி இயக்கும் மெஷினில் உலோகம் சீவும் ஒரு சின்ன சிஎன்சி பட்டறையில் கியூசி, அதாவது தரச் சோதனை, பார்க்கிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், அலுமினியக் கட்டையை மெஷினிலிருந்து எடுத்த கையோடு டிஜிட்டல் காலிப்பரை, அதாவது இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளைக் கவ்வி அளக்கும் கருவியை, வைத்து அளந்தான். டிராயிங்கில் 100 மில்லிமீட்டர், கூடக் குறைய 0.02 வரை போகலாம். திரையில் 100.03. “அண்ணே, கூடுதலா இருக்கு” என்றவன், நான் திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னும் 0.03 சீவிவிட்டான். மறுநாள் ஏர்கோன் அறையில் வைத்து அளந்தால் 99.96. கட்டை போச்சு.

தம்பி திரையைச் சரியாகத்தான் படித்தான், ஆனால் கட்டை கைக்குச் சூடாக இருந்ததை யோசிக்கவில்லை. 100 மில்லிமீட்டர் அலுமினியம் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.05 நீண்டுவிடும். எஃகு அதில் பாதிதான் நீளும், அதனால் காலிப்பரும் சேர்ந்து சூடானாலும் கணக்கு சரியாகாது. அளவுகளை 20 டிகிரி செல்சியஸுக்குச் சொல்வதுதான் உலக வழக்கம். விசிறி மட்டும் ஓடும் பினாங்குப் பட்டறையில் அந்தக் குளிர்ச்சிக்கு எங்கே போவது? ஆறவிட்டு அளந்து பாருங்கள், வேறு வழியில்லை.

இன்னொன்று, திரை 0.01 வரை காட்டுகிறது என்பதற்காகக் கருவியும் அவ்வளவு துல்லியம் என்று நினைத்துவிடாதீர்கள். 150 மில்லிமீட்டர் காலிப்பருக்கு 0.02 பிழை சாதாரணம். பொருளுக்கு விட்டிருக்கும் இடமே 0.02 என்றால் இன்னும் நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரை எடுங்கள். திரையில்லாமல் கோடு பார்த்துப் படிக்கும் பழைய வெர்னியர் காலிப்பரிலும் இதே கதைதான்: நகரும் பகுதியில் 49 மில்லிமீட்டரை 50 பங்காக்கியிருப்பார்கள், ஒரு பங்கு 0.98, மேலே தண்டில் உள்ள மில்லிமீட்டர் கோடு ஒன்றோடு இதில் எந்தக் கோடு நேராக நிற்கிறதோ அதை வைத்து 0.02 வரை படிக்கலாம், அதற்குமேல் கண்ணுக்குத் தெரியாது.

அளக்கும்போது நகரும் தாடையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், எண் நகரும். அளவுக்கோடு ஓரிடத்தில், பொருள் கொஞ்சம் தள்ளி இன்னோரிடத்தில், அதனால் அழுத்தினால் நகரும் தாடை லேசாகச் சாய்கிறது. தாடை நுனியில் கவ்வாமல் அளவுக்கோடு உள்ள தண்டுக்குப் பக்கத்தில் கவ்வினால் சாய்வு குறையும்.

அப்புறம், ஷிப்ட் தொடங்கும்போது தாடைகளுக்கு நடுவே சுத்தமான காகிதத்தைக் கவ்வி மெல்ல இழுத்துவிட்டு, மூடி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் பூஜ்யம் போட்டுப் பயனில்லை. எண் கண்டபடி குதித்தால் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றுகிறார்கள், ஆனால் எங்கள் பட்டறையில் பாதி நேரம் அது அளவுத்தண்டில் ஒட்டிய கூலண்ட்தான், மெஷினில் சூடு தணிக்க ஊற்றும் திரவம். துடைத்துப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போகலாம்.