ரெடான்: தமிழில் எப்படிச் சொல்வது?

கோல்ஃப் வர்ணனையில் ஒரு குழியைக் காட்டி 'இது ஒரு ரெடான்' என்று சொல்லிவிட்டு விளக்காமலே போய்விடுவார்கள். சொல் பிரெஞ்சு. அதிலுள்ள 'டான்' பல்லைக் குறிக்கும். ரம்பப் பல் மாதிரி எதிரியை நோக்கிக் கூராக நீண்டு, பின்பக்கம் திறந்தே இருக்கும் இரண்டு சுவர் அரணுக்கு அந்தப் பெயர்.

கிரிமியப் போரில் செவஸ்தபோல் நகரில் ரஷ்யர்களிடம் அப்படி ஒன்று இருந்தது. 1855 ஜூன் 18, செப்டம்பர் 8 என்று இரண்டு முறை நேராக மோதியும் பிரிட்டிஷ் படையால் அதைப் பிடித்து வைக்க முடியவில்லை. கடைசியில் பக்கத்திலிருந்த மலகோவ் அரண் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்ததால்தான் ரஷ்யர்கள் ரெடானையும் விட்டுப் போனார்கள்.

இந்தப் பெயரை ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் மைதானத்து 15-வது குழிக்கு வைத்தார்கள், பொருத்தமென்றால் அப்படியொரு பொருத்தம். பந்தை முதலில் அடிக்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய 190 கெஜம். கிரீன், அதாவது குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை, வலது முன்புறத்திலிருந்து இடது பின்புறமாகக் குறுக்கே கிடக்கிறது, சரிவும் அதே பக்கம்தான், இடது முன்புறத்தில் ஆழமான மணற்குழி. குழியில் நட்ட கொடியைப் பார்த்து நேராக அடித்தால் ஒன்று மணலில் விழும், இல்லையென்றால் சரிவில் ஓடிப் பின்னால் போய்விடும். வலது மேட்டில் இறக்கினாலோ தரையே பந்தை வாங்கி இடப்பக்கம் கொடியை நோக்கி உருட்டிவிடும். பலமாக அடிக்கத் தெரியாதவருக்கும் அங்கே ஒரு வழி உண்டு, அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். சும்மா கஷ்டமான கிரீனில் அந்த வழி இருக்காது. கோல்ஃப் மைதானங்களை வடிவமைத்த சி.பி. மெக்டொனால்ட் நியூயார்க் பக்கம் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் மைதானத்தின் 4-வது குழியை இதே அமைப்பில் போட்டதும் இதற்காகத்தான் என்பேன்.

ஆனால் அதே அமைப்பைக் கெடுக்கவும் முடியும். 2004 யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாளில் ஷினகாக் ஹில்ஸ் மைதானத்தின் 7-வது குழி, அதுவும் ரெடான்தான், காய்ந்து இறுகி நன்றாக அடித்த பந்துகூட நிற்காமல் போக, ஆட்டத்தின் நடுவிலேயே தண்ணீர் தெளித்தார்கள். சரிவு பழையதுதான், வழிதான் அடைபட்டுப் போயிருந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். 'கொத்தளம்' என்று எழுதினால் தவறு, அது வேறு வகைக் கட்டுமானம். பல்லுக்கு எயிறு என்ற பழஞ்சொல் இருப்பதால் கோட்டையைப் பற்றி எழுதும்போது 'எயிற்றரண்' என்று எழுதலாம். கோல்ஃப் பற்றிப் பேசும்போது அது வாயில் நுழையாது. அங்கே 'சாய்மேடு' போதும், பந்தை எங்கே இறக்க வேண்டும் என்பதையும் அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது. இடமிருந்து வலமாகச் சரியும் கிரீனை 'ரிவர்ஸ் ரெடான்' என்பார்கள், அதை 'எதிர்ச் சாய்மேடு' என்று வைத்துக்கொள்ளலாம்.