பார்ட்டிஷன்: சுவரா, பத்திரமா?

ராயபுரத்தில் ‘பார்ட்டிஷன்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. பத்திரம் எழுதுபவரிடம் கேட்டால் அண்ணன் தம்பிக்குள் நடக்கும் பாகப்பிரிவினை. தச்சரிடம் கேட்டால் ஒற்றை அறையை இரண்டாக்கும் பிளைவுட் தடுப்பு. கணினி பழுதுபார்க்கும் கடையிலோ, ஒரே ஹார்டு டிஸ்கை, அதாவது வட்டை, சி, டி, இ என்று பிரித்து வைப்பது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘பார்ஸ்’ என்றால் பங்கு; அதன் வழியே பங்கிடுதலைக் குறித்த ‘பார்ட்டீஷியோ’, பிரெஞ்சைத் தொட்டு ஆங்கிலத்துக்கு வந்தது.

கணினியில் இதைத் தச்சர் சொல்லும் பொருளில் புரிந்துகொள்பவர்களே அதிகம். ஆனால் வட்டுக்குள் சுவர் எதுவும் எழுவதில்லை. இது பத்திரத்தின் சாயல் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் எந்த செக்டரில் (வட்டின் மிகச் சிறிய சேமிப்புக் கட்டம்) தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம் என்ற விவரம் வட்டின் தொடக்கத்தில் அட்டவணையாக எழுதப்படுகிறது, அவ்வளவுதான். பழைய எம்.பி.ஆர். முறையில் அந்த அட்டவணைக்கு ஒதுக்கிய இடம் 64 பைட். ஒரு பதிவுக்கு 16 பைட். நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் போட முடியாததன் காரணம் இந்தக் கணக்குதான். பின்னால் வந்த ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் 128 பகுதிகள் வரை அனுமதிக்கிறது. அட்டவணையின் நகல் ஒன்றும் வட்டின் கடைசியில் இருக்கும்.

ஐ.பி.எம். தனது எக்ஸ்.டி. கணினியை 10 மெகாபைட் வட்டுடன் 1983இல் கொண்டுவந்தபோது, டாஸ் 2.0 இயங்குதளத்துடன் ‘எஃப்டிஸ்க்’ என்ற பகுக்கும் கருவியும் வந்தது. 10 மெகாபைட்டைப் பங்கு போடுவானேன் என்று இன்று சிரிப்பு வரலாம். வேறு இயங்குதளத்துக்கும் அதே வட்டில் இடம் விடத்தான். ஏ, பி இரண்டும் பிளாப்பிக்குப் போய்விட்டதால் வட்டுக்கு சி கிடைத்தது. பிளாப்பி மறைந்த பிறகும் அந்த எழுத்து நகரவில்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘பிரிவினை’ எனக்கு ஒப்பவில்லை. அதில் சண்டையின் வாடை இருக்கிறது, 1947இன் நினைவும் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘பகிர்வு’ கூடவே கூடாது, அது ஷேர் செய்வதற்குப் போய்விட்ட சொல். ‘தடுப்பு’ இல்லாத சுவரை எழுப்பிவிடும். பகுபதம், பகாப்பதம், பகா எண் என்று நாம் பள்ளியிலேயே பழகிய ‘பகு’ இருக்கும்போது வேறு தேடுவது வீண். ஆங்கிலம் செயலையும் பொருளையும் ஒரே சொல்லால் சொல்கிறது. நாம் செயலைப் பகுப்பு என்றும், கிடைக்கும் துண்டை வட்டுப்பகுதி என்றும் பிரித்துச் சொல்லலாம். இன்னும் யாருக்கும் ஒதுக்காத இடம் பகாப் பரப்பு. இது கொஞ்சம் இலக்கண வகுப்புபோல ஒலிக்கிறது, இருக்கட்டும்.

விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் இவை கண்ணுக்குத் தெரியும்: விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் இருக்கிறது. சி நிரம்பிவிட்டால் அதை அங்கேயே நீட்டலாம், ஆனால் பகாப் பரப்பு சி-க்கு வலப்புறம் ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் மீட்புப்பகுதி உட்கார்ந்திருந்தால் ‘எக்ஸ்டெண்ட்’ மங்கிக் கிடக்கும்.

அட்டவணை வேறு, உள்ளே இருக்கும் கோப்புகள் வேறு என்ற இந்த வேறுபாடு பழுதிலும் உதவுகிறது. தரவு இருந்த வட்டு முழுவதும் பகாப் பரப்பாகத் தெரிந்தால், பெரும்பாலும் அட்டவணை போயிருக்கும், கோப்புகள் அப்படியே இருக்கலாம். பகுதி தெரிந்து, அதன் மேல் ‘ரா’ (RAW, விண்டோஸால் படிக்க முடியாத நிலை) என்று வந்தால், கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை சிதைந்திருக்கக்கூடும். விண்டோஸின் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க் கோப்பு முறைமையைத்தான் சரிசெய்யும், அட்டவணையைத் தொடாது. ‘ரா’ என்று கண்டால் அதுவும் மறுத்துவிடும். இரண்டு நிலையிலும் புதுப் பகுதி உருவாக்கவோ ஃபார்மேட் செய்யவோ கேட்கும் பெட்டியை மூடிவிட்டு, முதலில் வட்டை அப்படியே இன்னொரு வட்டுக்குப் படியெடுக்க வேண்டும்.