மலை இறங்கிய தொடைக்குள் நடக்கும் ஒட்டுவேலை

ஏற்காட்டிலிருந்து சேலம் அடிவாரத்துக்கு நடந்தே இறங்கியவர்களுக்குத் தெரியும், ஏறும்போது மூச்சுதான் வாங்கும், மறுநாள் படிக்கட்டில் கால் வைக்கவிடாமல் தொடையைப் பிடிப்பது இறக்கம்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை உடம்பின் எடையைத் தாங்கிச் சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. அந்த இழுபறியில் தசைச் செல்லின் சவ்வில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலிக்கு அதன்பின் வரும் அழற்சியும் காரணம், அது இருக்கட்டும். சவ்வு கிழிந்த செல் எப்படிச் சாகாமல் பிழைக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

அந்த வேலையில் முன்நிற்பது அனெக்சின் என்ற புரதக் குடும்பம். மனித உடலில் 12 வகை உண்டு. செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப் போலச் சுமார் 10,000 மடங்கு, ஆகவே சவ்வு கிழிந்ததும் அது உள்ளே பாய்கிறது. அளவுக்கு மிஞ்சினால் செல்லைக் கொல்லக்கூடிய அதே கால்சியம்தான் அனெக்சினுக்கு அழைப்பும்கூட! அதுவரை செல்லுக்குள் சும்மா மிதந்துகொண்டிருந்த புரதம், வளைந்த தட்டு மாதிரி இருக்கும் தன் உடம்பின் புடைத்த பக்கத்தில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகச் சவ்வின் எதிர்மின்னூட்டக் கொழுப்புகளில், குறிப்பாக பாஸ்படிடில்செரினில், ஒட்டிக்கொள்கிறது. கால்சியம் கூடியிருப்பது கிழிசலின் ஓரத்தில்தான் என்பதால் ஒட்டுவதும் அங்கேதான். அனெக்சின் ஏ5 மும்மூன்றாகச் சேர்ந்து வலைபோலப் பின்னிக் கிழிசல் பெரிதாகாமல் தடுக்கிறது, ஏ6 அதன்மேல் மூடியாகக் குவிகிறது. எல்லாம் நொடிக்கணக்கில்.

டிஸ்ஃபெர்லின் என்ற இன்னொரு புரதமும் கூட வேண்டும். மரபுக் கோளாறால் அது இல்லாதவர்களுக்குக் கிழிசல் சரியாக அடைபடாமல், பெரும்பாலும் இளவயதிலேயே கை கால் தசைகள் மெலியத் தொடங்குகின்றன.

இதே ஏ5 ஆய்வகங்களிலும் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது. பாஸ்படிடில்செரின் வழக்கமாகச் சவ்வின் உட்பக்கம் இருப்பது, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தொடங்கும்போது வெளிப்பக்கம் வந்துவிடும். ஒளிரும் சாயம் சேர்த்த ஏ5-ஐ விட்டால் அப்படிப்பட்ட செல்களில் போய் ஒட்டி மின்னும். கரைசலில் கால்சியம் இல்லையென்றால் சாகும் செல்லில்கூட ஒட்டாது.