ஹார்ப்புக்குப் பியானோ பெடல் குறி போடாதீர்கள்

நத்தார் நெருங்க நெருங்க அச்சுக்குத் தயார்படுத்த என்னிடம் வருகிற இசைக் கோப்புகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும். இந்த முறையும் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பாடகர் குழு ஒன்றுக்காக எழுதிய பாட்டு. நல்ல பாட்டு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரொறன்ரோவில் இருக்கிற நம்மவர்களும் அதைப் பாடப் போகிறார்கள், அங்கே ஹார்ப் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், ஹார்ப் பகுதியை அச்சுக்குத் தயார்படுத்தித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் கீழ் ஸ்டாஃபுக்கு (சுரம் எழுதும் ஐந்து கோடுகளுக்கு) அடியில் பாருக்குப் பார் (தாள அளவுக்கு அளவு) பெடலை மிதி என்னும் ‘பெட்’ என்ற பியானோக் குறி, ஒவ்வொன்றின் முடிவிலும் பெடலை விடு என்னும் அந்தப் பூ.

ஏன் இப்படி நடக்கிறது என்று எனக்கு விளங்குகிறது. இங்கே நம்மில் அநேகம் பேர் ஹார்ப்பை நேரில் கண்டதில்லை. கீபோட்டில் ஹார்ப் ஒலியைத் தெரிவுசெய்து வாசித்துவிடுகிறோம். இசை எழுதும் மென்பொருளான மியூஸ்கோரிலும் பியானோவுக்குப் போலவே இரண்டு ஸ்டாஃப், இடப்பக்கம் அதே சுருள் அடைப்பு. பிறகென்ன, பியானோவுக்கு எழுதுவதையே எழுதிவிட வேண்டியதுதான் என்ற நினைப்பு. தயவுசெய்து அந்த நினைப்பை விடுங்கள்.

பியானோவின் வலது பெடலை மிதித்தால் தந்திகளை அடக்கி வைத்திருக்கும் டாம்பர்கள் விலகும், ஒலி நீளும். ஹார்ப்பில் டாம்பரே கிடையாது. மீட்டிய தந்தி தானாக ஓயும் வரை, அல்லது கையை வைத்து அடக்கும் வரை, ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒலியை நீட்ட அதற்குப் பெடல் எதற்கு? ஹார்ப்பின் பெடல் சுருதியை மாற்றுவது. கச்சேரி ஹார்ப்பில் 47 தந்தி, 7 பெடல். ஏ முதல் ஜி வரையான சுர எழுத்து ஒன்றுக்கு ஒரு பெடல். எஃப் பெடலை அசைத்தால் ஏறத்தாழ எல்லா ஸ்தாயியிலும் உள்ள எஃப் தந்திகள் ஒன்றாக மாறும். பெடல் மேலே நின்றால் ஃப்ளாட் (அரைச்சுரம் தாழ்ந்தது), நடுவில் நச்சுரல் (இயல்பானது), கீழே ஷார்ப் (அரைச்சுரம் உயர்ந்தது). வாத்தியம் செய்பவரான எரார் 1810இல் காப்புரிமை பெற்ற பொறிமுறை இது, இன்றும் இதுதான். (நம் பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று படித்திருக்கிறோம். பெடல் என்ற பேச்சே அங்கே இல்லை. ஆகவே யாழை நினைத்துக்கொண்டு எழுதினாலும் இங்கே உதவாது.)

இப்போது அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்து பாருங்கள். ‘பெட்’ என்று போட்டிருக்கிறது. ஏழில் எந்தப் பெடல்? மேலேயா, கீழேயா? அவள் பென்சிலை எடுத்து அத்தனையையும் வெட்டுவாள். பாருக்குப் பார் வெட்ட வேண்டிய தாளை அச்சிட்டு யாருக்கு என்ன பயன்?

ஹார்ப்புக்கு உரியது பெடல் வரைபடம். ஒரு கிடைக்கோடு, அதற்கு மேலேயோ நடுவிலோ கீழேயோ, பெடல் நிற்கும் நிலைப்படி, ஏழு சிறு நிலைக்கோடுகள், இடது காலின் மூன்றையும் வலது காலின் நான்கையும் பிரிக்க நடுவில் நீளமான ஒரு கோடு. ஒழுங்கு டி, சி, பி. பிறகு ஈ, எஃப், ஜி, ஏ. அகரவரிசைப்படி மாற்றி அடுக்கிய வரைபடமும் எனக்கு வந்திருக்கிறது. அப்படிச் செய்யவே கூடாது, முதலில் சொன்னதுதான் கால்களுக்கு முன்னால் பெடல்கள் நிற்கிற ஒழுங்கு. டி மேஜர் என்றால் சியும் எஃப்பும் கோட்டுக்குக் கீழே, மற்ற ஐந்தும் கோட்டின் நடுவில். இடையில் ஒரு பெடல் மாறினால் வரைபடம் முழுவதையும் மறுபடி போட வேண்டாம், மாறுகிற எழுத்தையும் குறியையும் மட்டும் எழுதினால் போதும். இரண்டு காலும் ஒன்றாக மாற்றினால் வலது காலுடையது மேலே, இடது காலுடையது கீழே. ஒரே காலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் கொடுக்காதீர்கள்.

பெடல் கணக்கு உங்களுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் தொடக்க வரைபடத்தை மட்டும் போட்டுவிட்டு, ஸ்டாஃப்களுக்கு நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். மற்றதை வாசிப்பவர் தானே எழுதிக்கொள்வார். பலருக்கு அதுதான் விருப்பமும். பிழையான பெடல் குறியை விட வெறும் இடம் மேல்.

அடுத்தது வட்டங்கள். சுரத்துக்கு மேலே சிறிய வெறும் வட்டம் என்றால் ஹார்மோனிக் (தந்தியை லேசாகத் தொட்டபடி மீட்டி எழுப்பும் மேல் ஒலி). வட்டத்துக்குள் சிலுவைக்கோடு என்றால் தந்தியை அடக்கு. இந்த இரண்டாவதுக்கு, முடிவுப் பகுதிக்குத் தாவச் சொல்லும் கோடா குறியை எடுத்து ஒட்டுகிறார்கள். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மென்பொருளுக்கு அது தாவவேண்டிய இடம். இசைநடத்துநரின் கண்ணுக்கும் அப்படித்தான் படும். சரியான குறி கிடைக்காது என்று சாக்குச் சொல்ல முடியாது. 2013இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் ஸ்மஃபல் என்ற எழுத்துரு நியமத்தையும் அதன்படி அமைத்த பிராவுரா எழுத்துருவையும் வெளியிட்டது. அதில் ஹார்ப் உத்திகளுக்குத் தனித் தொகுதியே இருக்கிறது, ஹார்ப் கலைஞர் கார்லோஸ் சல்செடோ வகுத்த குறிகள் உட்பட. அடக்கும் குறி மீட்டு வாத்தியங்களின் தொகுதியில் இருக்கிறது. மியூஸ்கோரில் மாஸ்டர் பாலெட்டைத் திறந்து தேடினால் கிடைக்கும். தேடுங்கள்.

ஹார்மோனிக் எழுதினால் இன்னொன்று: மீட்டுகிற தந்தியை எழுதினீர்களா, கேட்கிற சுரத்தை எழுதினீர்களா? கேட்பது ஒரு ஸ்தாயி மேலே. வழமையாக எழுதுவது தந்தியைத்தான். எதுவானாலும் முதல் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

விரல் இலக்கத்தில் 5 வரக்கூடாது. ஹார்ப்பில் சின்ன விரல் மீட்டுவதில்லை. பெருவிரல் 1, மோதிர விரல் 4, அத்தோடு சரி. ஐந்து சுரக் கோர்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை) ஒரு கைக்குக் கொடுக்கவும் கூடாது. கோர்டை ஹார்ப் வாசிப்பவர்கள் பழக்கத்திலேயே சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசாக உருட்டி விடுவார்கள், ஒன்றாக ஒலிக்க வேண்டுமானால் இடப்பக்கம் சதுர அடைப்பு போடுங்கள். நன்றாக உருட்டவேண்டிய இடத்தில்தான் நெளிகோடு.

விரலைத் தந்திகளின் மேல் இழுத்து வாசிக்கும் கிளிசாண்டோவுக்குக் கோடு மட்டும் இழுத்துவிட்டு ‘கம்ப்யூட்டரில் நன்றாகக் கேட்கிறதே’ என்கிறார்கள். கம்ப்யூட்டருக்குக் கால் இல்லை. ஹார்ப்பில் விரல் ஏழு எழுத்துத் தந்திகளையும் தொட்டுக்கொண்டு போகும், ஒன்றையும் தாண்டாது. ஆகவே அந்த ஏழும் எந்த நிலையில் நிற்கின்றன என்று சொன்னால்தான் அது இசை. முழுத்தொனி வரிசை வேண்டுமா? சி, டி, ஈ நச்சுரல். எஃப், ஜி, ஏ, பி ஷார்ப். பி ஷார்ப்பும் சியும் ஒரே ஒலி என்பதால் ஏழு தந்தியில் ஆறு சுரம் கேட்கும். முதல் ஸ்தாயியின் ஏழு சுரங்களையும் எழுதிக் காட்டி, அதன் பிறகு கோட்டை இழுங்கள்.

இவ்வளவும் கச்சேரி ஹார்ப்புக்கு. பழகத் தொடங்கும் பிள்ளைகள் அநேகமாக லீவர் ஹார்ப்தான் வாசிப்பார்கள். அதில் பெடலே இல்லை. தந்திக்குத் தந்தி மேலே ஒரு சிறு லீவர், அதைத் தூக்க ஒரு கை தந்தியை விட்டுப் போகவேண்டும். ஒரு லீவர் அந்த ஒரு தந்தியை மட்டுமே மாற்றும். அங்கே பெடல் வரைபடம் பிழை. எந்த ஸ்தாயியின் எந்தத் தந்தி என்று எழுத வேண்டும், அதற்குக் கைக்கு நேரமும் விட வேண்டும். வழமையாக ஈ ஃப்ளாட் மேஜரில் சுருதி கூட்டி வைப்பதால் டி தந்தியில் டி ஃப்ளாட் கேட்டால் கிடைக்காது.

ஆகவே பிள்ளைகளே, எனக்குக் கோப்பு அனுப்ப முதல் வாசிக்கப் போகிறவரிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டு என்ன ஹார்ப் என்று கேட்டுவிடுங்கள். பிடிஎஃப் மட்டும் அனுப்பாமல் மியூஸ்கோர் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். பக்கம் திரும்பும் இடத்தில் இரண்டு பாராவது ஓய்வு இருக்கிறதா என்றும் பாருங்கள், அவருக்கு இரண்டு கையும் இரண்டு காலும் வேலையில் இருக்கும்.