இலையுதிர் காலத்தின் தொடக்கமும் கற்கத் தொடங்கும் மூளையும்

ஆண் கேனரிப் பறவை வசந்த காலம் முழுவதும் ஏறத்தாழ ஒரே பாட்டை, ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்பப் பாடுகிறது. இனப்பெருக்கப் பருவம் முடிந்து, கோடையின் இறுதியில் பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும் காலத்தில் அந்தப் பாட்டு குலையத் தொடங்குகிறது. உறுதியாக ஒலித்த அசைகள் தடுமாறுகின்றன, சில முற்றிலும் மறைகின்றன, அதுவரை அந்தப் பறவை பாடியிராத அசைகள் தெளிவில்லாமல் இடையிடையே எழுகின்றன. கேட்பவருக்கு இது சீர்குலைவாகத் தோன்றினாலும், உண்மையில் அந்தப் பறவை அடுத்த ஆண்டுக்கான பாட்டைக் கற்றுக்கொண்டிருக்கிறது. இந்தக் கற்றல் மிகுதியாக நடப்பது கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும் வாரங்களில்தான். மனிதரும் புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்க இதுவே ஏற்ற வேளை என்று நான் எண்ணுகிறேன்; அதற்கான காரணங்களை இங்கே சொல்கிறேன்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபெர்னாண்டோ நொட்டெபோம், கேனரியின் மூளையில் பாட்டை இயக்கும் பகுதியைப் பருவந்தோறும் அளந்தார். வசந்தத்தில் அந்தப் பகுதியின் கன அளவு, இலையுதிர் காலத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதாக 1981-இல் அவர் அறிவித்தார். 1983-இல் அவரும் ஸ்டீவன் கோல்ட்மனும் வளர்ந்த கேனரியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதைக் காட்டினர். முதிர்ந்த மூளையில் புதிய நரம்பணு தோன்றாது என்று பெரும்பாலோர் நம்பியிருந்த காலம் அது. பின்னர் 1994-இல் வெளியான ஆய்வு இந்தக் கதையை முழுமையாக்கியது. இனப்பெருக்கப் பருவத்துக்குப் பின் பழைய நரம்பணுக்கள் பெருமளவில் மடிகின்றன. அவற்றின் இடத்தில் புதியவை வந்து சேர்வது அக்டோபரிலும் மார்ச்சிலும் உச்சத்தை அடைகிறது. புதிய அசைகள் பாட்டில் சேரும் காலமும் இவற்றோடு ஒத்துப்போகிறது. கற்பதற்கு முன் இடம் காலியாகிறது என்பதே இதில் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி.

மனிதர் கேனரி அல்லர். வளர்ந்த மனித மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுகின்றனவா என்பதே இன்னும் தீராத விவாதம். 2018-ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் வெளியான இரண்டு ஆய்வுகளில் ஒன்று தோன்றுவதில்லை என்றும், மற்றொன்று முதுமையிலும் தோன்றுகின்றன என்றும் முடிவு கூறின. ஆகவே பறவையின் உயிரியலை அப்படியே மனிதர் மீது ஏற்றிச் சொல்வது தவறு. ஆனால் பருவம் மனித மூளையையும் தொடுகிறதா என்ற கேள்வி நியாயமானது. அதை அக்கறையோடு ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, ஆண்டின் வெவ்வேறு காலங்களில் 28 தன்னார்வலர்களை ஆய்வகத்துக்கு அழைத்து, ஒவ்வொருவரையும் நாலரை நாட்கள் வெளியுலகத் தடயம் எதுவும் எட்டாத அறைகளில் தங்கவைத்தது. வெளியே வெயிலா குளிரா, பகல் நீளமா குறுகலா என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. தங்கலின் முடிவில், அவர்கள் மனப் பயிற்சிகளைச் செய்யும்போது மூளையின் செயற்பாடு படமாக்கப்பட்டது. நீடித்த கவனம் தேவைப்பட்ட பயிற்சியில் மூளையின் எதிர்வினை கோடைக்காலக் கதிர்த்திருப்ப நாளையொட்டி (ஆண்டின் மிக நீண்ட பகல்) மிகுதியாகவும், குளிர்காலக் கதிர்த்திருப்பத்தையொட்டிக் (மிகக் குறுகிய பகல்) குறைவாகவும் இருந்தது. செயல்படு நினைவைப் பயன்படுத்தும் பயிற்சியிலோ உச்சம், பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் இலையுதிர் காலச் சம இரவு நாளையொட்டியும், தாழ்வு வசந்தச் சம இரவு நாளையொட்டியும் அமைந்தது. செயல்படு நினைவு என்பது ஒரு தொலைபேசி எண்ணையோ, புதிய மொழியின் ஒரு வாக்கியத்தையோ சில நொடிகள் மனத்தில் ஏந்தி, அதை வைத்து வேலை செய்யும் திறன். புதிதாக எதைக் கற்கத் தொடங்கினாலும் முதலில் சுமையைத் தாங்குவது இதுதான். 2016-இல் வெளியான இந்த ஆய்வில் பயிற்சிகளின் மதிப்பெண் பருவத்துக்கு ஏற்ப மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்ய மூளை இயங்கிய விதம் மாறியது, விளைவு மாறவில்லை.

மதிப்பெண்ணிலேயே வேறுபாட்டைக் கண்டது 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 3,353 முதியவர்களின் தரவுகளை ஆராய்ந்ததில், கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அவர்களுடைய சராசரி அறிதிறன், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் இருந்ததைவிட உயர்ந்திருந்தது. அந்த வேறுபாடு, வயதில் 4.8 ஆண்டு குறைந்தால் கிடைக்கும் அளவுக்குச் சமம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஒரே மனிதரைப் பல பருவங்களில் தொடர்ந்து அளந்த ஆய்வு அன்று இது. ஆகவே இதை உறுதியான முடிவாகக் கொள்ளாமல் வலுவான குறிப்பாகவே நான் கொள்கிறேன்.

பருவம் மூளைக்குள் நுழையும் முதன்மையான வாயில் கண். விழித்திரையில் பார்வைக்கு உதவும் உயிரணுக்களைத் தவிர, மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட சிறுபான்மை உயிரணுக்களும் உள்ளன. இவை ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுந்த உணர்திறன் கொண்டவை. பொருள்களின் வடிவைக் காட்டுவதைவிட, வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்ற செய்தியை மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் உயிரியல் கடிகாரத்துக்கு அனுப்புவதே இவற்றின் முதன்மைப் பணி. சுமார் 20,000 நரம்பணுக்களால் ஆன அந்தக் கடிகாரம், இரவு வந்ததை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோனான மெலடோனின் சுரக்கும் நேரத்தையும் உடல் வெப்பநிலையின் ஏற்ற இறக்கத்தையும் நெறிப்படுத்துகிறது. வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் நாளையொட்டி வரும் சம இரவுக் காலத்தில்தான் பகலின் நீளம் மிக வேகமாக மாறுகிறது. 45 பாகை அகலாங்கில் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 3 நிமிடம் குறைகிறது; அதாவது ஒரு வாரத்தில் இருபது நிமிடத்துக்கு மேல். தென் அரைக்கோளத்தில் இதே நிலை மார்ச்சில் வருகிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த வேறுபாடு சுருங்கி, உணர முடியாத அளவுக்குக் குறைந்துவிடுவதால், ஒளியைப் பற்றிய இந்த வாதம் மித வெப்ப நாடுகளுக்கே முழுமையாகப் பொருந்தும்.

ஒளியைவிட நேரடியாகப் புரிந்துகொள்ளக் கூடியது வெப்பம். உறக்கம் வருவதற்கு உடலின் உள் வெப்பநிலை சற்றே இறங்க வேண்டும். இரவில் அது ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குறைகிறது. தோல் வழியாக வெப்பத்தை வெளியேற்றித்தான் உடல் இதைச் செய்கிறது. வெப்பமான, ஈரம் மிகுந்த இரவில் அந்த வெளியேற்றம் தடைபட்டு உறக்கம் துண்டு துண்டாகிறது. 2016-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 44 இளம் மாணவர்கள் ஆராயப்பட்டனர். ஒரு வெப்ப அலையின்போது குளிரூட்டி இல்லாத விடுதியில் தங்கியவர்கள், குளிரூட்டப்பட்ட விடுதியில் தங்கியவர்களைவிட ஒரு கவனச் சோதனையில் 13.4 விழுக்காடு மெதுவாகப் பதிலளித்தனர். நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞர்களிடமே இத்தகைய வேறுபாடு தெரிந்தது என்பது கவனிக்கத்தக்கது. கோடை தணிந்து இரவுகள் குளிரத் தொடங்கும்போது கற்றலுக்கு இருந்த இந்தத் தடை தானாகவே விலகுகிறது. கடுங்குளிரும் மிகக் குறுகிய பகலும் வருவதற்கு இன்னும் வாரங்கள் இருக்கின்றன.

மூன்றாவது காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. மனிதர் காலத்தை ஒரே சீரான ஓட்டமாக உணர்வதில்லை. அடையாள நாட்களால் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஹெங்சென் தாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாணவர்கள் வருவது வாரம், மாதம், கல்விப் பருவம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்தில் அதிகரிப்பதைக் கண்டனர். இதற்குப் புதிய தொடக்க விளைவு என்று அவர்கள் பெயரிட்டனர். ஓர் எல்லையைக் கடந்ததும், அதற்கு முந்தைய தோல்விகளை முன்பிருந்த ஒருவருடையவையாக எண்ணித் தள்ளிவைக்க முடிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். பல நாடுகளில் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குவதால், பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கும் அந்த மாதம் ஒரு தொடக்கமாகவே மனத்தில் பதிந்திருக்கிறது.

தொடங்குவதற்கான காரணங்கள் இவை. தொடங்கிய பிறகு நடப்பது இதைவிட நுட்பமானது; இலையுதிர் காலத்தின் நீளம் ஏன் பயன்படுகிறது என்பதும் அங்கேதான் விளங்குகிறது. இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்துக்குச் சினாப்ஸ் என்று பெயர். ஒன்றிலிருந்து வெளிப்படும் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருள் மற்றொன்றின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் சென்று ஒட்டுகிறது. அந்த ஏற்பிகளில் ஒரு வகையின் வாயிலை மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கிறது. செய்தி வருவதோடு, அதைப் பெறும் நரம்பணுவும் அதே வேளையில் போதிய அளவு தூண்டப்பட்டிருந்தால் மட்டுமே அந்த அடைப்பு விலகிக் கால்சியம் உள்ளே நுழைகிறது. இரு நிகழ்வுகள் ஒருங்கே நடந்தன என்பதை மூளை குறித்துக்கொள்ளும் வழிகளில் இது முதன்மையானது. நுழைந்த கால்சியம் தொடங்கிவைக்கும் வினைகளால் அந்த இணைப்பில் கூடுதல் ஏற்பிகள் சேர்கின்றன. அடுத்த முறை அதே செய்தி வலுவாக ஒலிக்கிறது. இந்த வலுவூட்டம் நெடுநேரம் நீடிப்பதை முயல்களின் மூளையில் டிம் பிளிஸ், டெர்யே லோமோ ஆகியோர் 1973-இல் விரிவாகக் காட்டினர்.

இந்த வலுவூட்டம் நாட்கணக்கில் நிலைக்க வேண்டுமானால் நரம்பணு புதிய புரதங்களைச் செய்தாக வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். எலிகளின் மூளைத் திசுவில் செய்யப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று இதன் விளைவைத் தெளிவாகக் காட்டியது. முதல் தூண்டலுக்குப் பின் 10 அல்லது 30 நிமிடத்தில் தரப்பட்ட இரண்டாம் தூண்டலால் கூடுதல் பயன் ஏதும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தரப்பட்டபோது, முதல் முறை விடுபட்டுப்போன சினாப்ஸ்களும் வலுப்பெற்றன. ஒரே அமர்வில் ஆறு மணி நேரம் படிப்பவர் தம் முயற்சியின் பெரும்பகுதியை, இன்னும் ஏற்கத் தயாராகாத இணைப்புகளின் மீது செலவிடுகிறார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

1885-இல் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியின் வேகத்தை அளந்த நாளிலிருந்து இடைவெளியின் பயன் அறியப்பட்டிருக்கிறது. எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைக் கணக்காகத் தந்தது நிக்கோலஸ் செப்பேடாவின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு. 1,350-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அதில், ஒரு வாரம் கழித்து நினைவுகூர வேண்டியதற்கு அந்தக் காலத்தில் 20 முதல் 40 விழுக்காடு வரையிலான இடைவெளியும், ஓராண்டு கழித்து நினைவுகூர வேண்டியதற்கு 5 முதல் 10 விழுக்காடு வரையிலான இடைவெளியும் சிறந்தவையாக இருந்தன. ஓராண்டில் 5 முதல் 10 விழுக்காடு என்பது ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து வாரம். செப்டம்பர் இறுதியில் கற்ற ஒன்றை அக்டோபர் இறுதியில் மீண்டும் தொட்டால், அது அடுத்த இலையுதிர் காலம் வரை நிற்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படித் தொடும்போது புத்தகத்தைத் திறந்து மீண்டும் வாசிப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது சிறந்தது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகியோரின் 2006-ஆம் ஆண்டுச் சோதனையில், மறுபடியும் வாசித்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் 42 விழுக்காட்டையும், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர்.

கைத்திறன்களுக்கும் இதே கால அளவுகள் ஒத்துவருகின்றன. 2004-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் கற்றவர்களின் மூளையில், அசைவைக் காணும் பகுதியின் சாம்பல் நிறப் பொருள், அதாவது நரம்பணுக்களின் உடல்கள் நிறைந்த திசு, கூடியிருந்தது. பின்னர் 60 வயதை ஒட்டியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்விலும் அந்த மாற்றம் தென்பட்டது. லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பான பழக்கமாக மாறுவதற்கு ஆன காலத்தின் இடைநிலை மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 66 நாட்கள்; ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. வட அரைக்கோளத்தில் சம இரவு நாளன்று தொடங்குபவருக்கு 66-ஆம் நாள் நவம்பர் இறுதியில் வருகிறது. மூன்று மாதம் நிறைவது ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டி.

முதலில் சொன்ன பந்து ஆய்வில் மூன்று மாதம் கற்றவர்கள் பின்னர் பயிற்சியை நிறுத்தினார்கள். அடுத்த மூன்று மாதத்தில், கூடியிருந்த சாம்பல் நிறப் பொருள் பெருமளவு பழைய நிலைக்கே திரும்பியது. கேனரியோ குளிர்காலத்திலும் பாடுவதை விடுவதில்லை. இலையுதிர் காலத்தில் தடுமாறித் தொடங்கிய அசைகளை வாரந்தோறும் பாடிப் பாடி, வசந்தத்தில் முழுப் பாட்டாக நிலைநிறுத்துகிறது.