கோடு முதலில், தரை பின்னால்

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் சிமென்ட் கல் செய்யும் பட்டறைகளில் பெரும்பாலும் அச்சு வைத்துத்தான் பூப்போடுவார்கள். எனக்குப் பிடித்தது அச்சில்லாத வேலை. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம். சிமென்ட், மணல், ஆக்சைடு சாயம் கலந்த மஞ்சள் குழம்பைக் கரண்டியில் மொண்டு, வெறும் கண்ணாடியில் மணிக்கட்டை ஒரு சுழற்று. கோடு விழுந்துவிட்டது. இனி அழிக்க முடியாது. உருவம் காட்டாத அரூப ஓவியத்தில் கைவீச்சு என்பார்களே, அதுதான் இது.

பதம் முக்கியம். குழம்பு நீர்த்தால் நிறங்கள் ஒன்றோடொன்று ஓடிவிடும். கெட்டித்தால் கோடு அறுந்து போகும். கரண்டியில் கலக்கும்போது இளகி, விழுந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். தோசை மாவு மாதிரி.

அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொலாக்கும் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார். துணியைத் தரையில் விரித்து, மேலிருந்து பெயின்ட்டை ஒழுகவிட்டார். தேனை உயரத்திலிருந்து ஊற்றிப் பாருங்கள், கயிறு போலச் சுருண்டு சுருண்டு விழும். பொலாக்கின் கோடுகளில் அந்தச் சுருள் அதிகம் இல்லை. அவர் வரையும் பழைய படச்சுருளைப் பார்த்துக் கையின் வேகத்தையும் உயரத்தையும் அளந்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. சுருள் விழாத அளவுக்குக் கை வேகமாக நகர்ந்திருக்கிறது என்பது அதன் முடிவு.

அடுக்கில்தான் இரண்டும் பிரிகின்றன. துணியில் கடைசியாகப் பூசுவதே மேலே தெரியும். மஞ்சள் காய்ந்தபின் நீலத்தை மெல்லிசாக ஓட்டினால், ஒளி நீலத்தைக் கடந்து மஞ்சளில் பட்டுத் திரும்பும். கலந்து பூசிய பச்சைக்கு அந்த ஆழம் வராது. ஆத்தங்குடியில் எல்லாம் தலைகீழ். கண்ணாடியைத் தொடுகிற முதல் கோடுதான் கல்லின் முகம். தரை நிறம், அதாவது பின்னணி, அதன் முதுகில் ஊற்றப்படுகிறது. தஞ்சாவூர் கண்ணாடி ஓவியத்திலும் இதே வரிசைதான், நகையும் கண்ணும் முதலில், பின்னணி கடைசியில்.

அப்புறம் உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவுவார்கள். அது நிறக்குழம்பின் உபரி நீரை உறிஞ்சிக் கோட்டை அப்படியே பிடித்துக்கொள்ளும். அதன்மேல் ஈரக் கலவை. சிமென்ட் இறுகுவது காய்வதால் அல்ல, நீரோடு நடக்கும் வேதிவினையால். அதனால்தான் கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு இறங்கிவிடும். சிமென்ட்டின் காரத்தில் பல சாயங்கள் வெளுத்துவிடும். சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் உறவு. காரம் அதை ஒன்றும் செய்யாது.

எங்கள் வீட்டு வாசல் கல் ஒன்றில் மஞ்சள் கோட்டின் நுனி மட்டும் தடித்திருக்கும். கை அங்கே ஒரு கணம் நின்றிருக்கிறது.